செட்பேக்: 'விடுவெளி' என்று வைத்துக்கொள்ளலாமா?

குழுவினருக்கு வணக்கம். மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே கட்டாமல் விட வேண்டிய இடத்தைத்தான் 'செட்பேக்' (setback) என்கிறோம். அதற்குத் தமிழில் 'விடுவெளி' என்று வைக்கலாம் என்பது என் யோசனை. வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

> 'பின்னடைவு' ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே.

வேண்டாம் என்பேன். போன மாதம் கிராமத்தில் வீடு கட்டப்போகும் அம்மா ஒருவர், விதிகளைக் கைபேசியில் மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். 'முன் பின்னடைவு', 'பின்புறப் பின்னடைவு' என்று வரிசையாக இருந்தது. "என் மனையில என்ன சார் குறை?" என்று பயந்துபோய்க் கேட்டார். தேர்தல் முடிவில் பின்னடைவு என்று படித்துப் பழகியவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஊராட்சிகளுக்கும் சேர்த்துத்தான். இனி இது பொறியாளருக்கு மட்டும் புரிந்தால் போதும் என்கிற சொல் இல்லை.

> 'இடைவெளி' போதாதா?

இடைவெளி என்றால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது. நான் எல்லையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் கட்டுகிறேன், பக்கத்து வீட்டுக்காரரும் அப்படியே கட்டுகிறார். சுவருக்குச் சுவர் இடைவெளி மூன்று மீட்டர், ஆனால் நான் விட வேண்டியது ஒன்றரை. இது தெளிவாக இல்லாததால்தான் 'அவர் விட்டிருக்கிறாரே, போதாதா' என்று எல்லைக்கல் மேலேயே சுவரை ஏற்றுகிறார்கள். 'காலியிடம்' என்றால் காலிமனை நினைவுக்கு வரும். 'ஒதுக்கிடம்', பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கு விடும் திறந்தவெளி ஒதுக்கீட்டோடு மோதும்.

சரி, கொத்தனார் எப்படிச் சொல்கிறார்? "இந்தப் பக்கம் அஞ்சடி விட்டுக் கட்டணும்." வேண்டிய வினை அவர் வாயிலேயே இருக்கிறது. பயிர் வைக்காமல் விட்டது விடுநிலம், கட்டாமல் விட்டது விடுவெளி. முன் விடுவெளி, பக்க விடுவெளி, பின் விடுவெளி என்று வரைபடத்தில் எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

இந்த வழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. ஊரில் ஓட்டு வீடு கட்டும்போது எங்கள் தாத்தா சுவர் எங்கே நிற்கிறது என்பதோடு விடமாட்டார், கூரை விளிம்பான இறவாணத்துத் தண்ணீர் எங்கே விழுகிறது என்றும் பார்ப்பார். மழை விட்டதும் மண்ணில் சின்னச் சின்னக் குழிகளாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு நம் நிலத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் விதி.

அப்புறம், கிராமப்புறத்துக்காக இன்னொரு சொல்லையும் இதோடு பிரித்து வைக்க வேண்டும். ஊர்களுக்கு வெளியே தேசிய நெடுஞ்சாலையின் நடுவிலிருந்து பொதுவாக 40 மீட்டரில் கட்டடக் கோடு (சாலைப் பக்கம் இதைத் தாண்டிக் கட்டக் கூடாது) வரும், 75 மீட்டரில் கட்டுப்பாட்டுக் கோடு (அதுவரை கட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு). இவற்றைச் சாலையின் நடுவிலிருந்து அளக்கிறோம். விடுவெளியை மனையின் எல்லையிலிருந்து அளக்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், மனைக்குள் ஒன்றரை மீட்டர் விட்டாயிற்றே என்று கடன் வாங்கிக் கட்டியவர் பிறகு இடிக்க வேண்டிவரும். ஆகவே 'கோடு' அங்கே, 'வெளி' இங்கே.

ஓரிடத்தில் எனக்கே தடுக்குகிறது. மூலைமனைக்கு இரண்டு பக்கமும் தெரு, அதில் எது 'முன்'? தெருவைப் பார்த்த இரண்டையும் 'தெரு விடுவெளி' என்று சொல்லலாமா? கட்டுமான இடத்தில் தினமும் நிற்பவர்கள் உங்கள் ஆட்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.