போர் தொடங்கிய அன்றே எண்ணெய் விலை ஏறுவது ஏன்?

கேட்பவள்:
எங்கோ ஒரு போர் தொடங்குகிறது. எண்ணெய்க் கிணறு எதுவும் எரியவில்லை, கப்பல் எதுவும் நிற்கவில்லை. ஆனால் அன்று மாலையே கச்சா எண்ணெய் விலை ஏறிவிடுகிறது. இன்று விற்பது பல வாரங்களுக்கு முன்பு எடுத்த எண்ணெய்தானே? இது கொள்ளை லாபமா, இல்லை வேறு காரணம் உண்டா?

கடலோடி:
எண்ணெய்க் கப்பல்களில் 11 வருடம் வேலை பார்த்தவன். விற்பவர் கையில் இருக்கும் சரக்கை என்ன விலைக்கு வாங்கினோம் என்று பார்ப்பதில்லை. இது தீர்ந்தால் அடுத்த சரக்கு கிடைக்குமா, என்ன விலைக்குக் கிடைக்கும் என்றுதான் பார்ப்பார்.

ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவில் இருக்கும் கடல்வழியான ஹோர்முஸ் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் 40 கிலோமீட்டருக்கும் குறைந்த அகலம்தான். அதிலும் கப்பல் போக ஒதுக்கிய பாதை, திசைக்குச் சுமார் 3 கிலோமீட்டர். அமைதிக் காலத்தில் உலகம் எரிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அதைக் கடந்துதான் வரும். பெரிய கப்பல் ஒன்றில் மட்டும் 20 லட்சம் பீப்பாய். பதற்றம் வந்தால் போர் இன்சூரன்ஸ் கட்டணம் ஏறும். கப்பலின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும். குண்டு விழாமலே செலவு கூடிவிடும். அந்தப் பாதையில் இரவுக் காவல் நின்ற பையன்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பழைய கணக்கு:
ஒன்று சேர்க்கிறேன். போர் என்றால் விலை ஏறியே தீரும் என்றில்லை. 1991 ஜனவரி 17, ஈராக் மீது வான்தாக்குதல் தொடங்கிய பிறகு, ஒரே நாளில் விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. சவுதி கிணறுகளுக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை வந்தது, எண்ணெய் வாங்கும் நாடுகள் சேமித்து வைத்திருந்த அவசரக் கையிருப்பையும் திறந்துவிட்டன. 1973 அரபு-இஸ்ரேல் போர் அப்படியில்லை. அரபு நாடுகள் உற்பத்தியையே குறைத்தன. 3 டாலர் அளவில் இருந்த பீப்பாய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. பயத்தில் ஏறிய விலை இறங்கிவிடும். சரக்கே குறைந்து ஏறியது அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

கேட்பவள்:
சரி, இப்போது புரிகிறது. ஆனால் வண்டியே இல்லாத குடும்பமும் ஏன் சிரமப்படுகிறது?

கடலோடி:
லாரியும் டிராக்டரும் ஓடுவது டீசலில், அதனால் எல்லாச் சரக்கிலும் அந்தச் செலவு ஏறும். இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது உரம். யூரியா செய்ய அம்மோனியா வேண்டும், அம்மோனியாவை இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறார்கள். 2022-ல் ரஷ்ய எரிவாயு குறைந்து விலை எகிறியபோது ஐரோப்பாவில் பல உர ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சில மூடியே கிடந்தன. டீசல் விலை அந்த வாரமே தெரிந்துவிடும். உரம் போடாத வயலின் கணக்கு அறுவடையில்தான் தெரியும். அதற்குள் எண்ணெய் விலை இறங்கிவிட்டது என்று செய்தி வந்திருக்கும். நீங்கள் தானிய விலையையும் சேர்த்துப் பாருங்கள்.