சோப்பு இருக்கு, குழாய் இருக்கு, பிள்ளைகள் கை கழுவுவதில்லை. இடத்தை எப்படி மாற்றலாம்?

மஞ்சப்பை கேட்டது:

நடுநிலைப் பள்ளி, 180 பிள்ளைகள். கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால், 6 குழாய் உள்ள வரிசை முன்னால். நடுவில் சுமார் 15 மீட்டர், பாதி சிமென்ட், பாதி மண். மாடியில் தண்ணீர்த் தொட்டி உண்டு. சோப்புக் கட்டி வைத்தால் இரண்டே நாளில் காணாமல் போகிறது, இல்லாவிட்டால் மண்ணில் கிடந்து கரைகிறது. கை கழுவும் முறை பற்றி இரண்டு போஸ்டர் ஒட்டியாயிற்று, காலைக் கூட்டத்திலும் சொல்லியாயிற்று. கேட்டால் அச்சுப் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். செய்வதுதான் இல்லை. கழிப்பறைக்குப் பிறகு, சத்துணவுக்கு முன் என்று இரண்டு வேளையாவது நடக்க வேண்டும். வாசலில் ஆள் நிறுத்தி அதட்டாமல் செய்ய வழி உண்டா?

வரப்போரம்:

ஒப்பிக்கிறார்கள் என்றால் அறிவில் குறையில்லை டீச்சர். மூன்றாவது போஸ்டருக்குச் செலவு பண்ணாதீர்கள். கழிப்பறையிலிருந்து வெளியே வரும் பிள்ளையின் மனசு மைதானத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் கண்ணிலும் காலிலும் படுவதுதான் வேலை செய்யும்.

வங்கதேசத்தில் இரண்டு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம் வரை வண்ணப் பாதை, அதன்மேல் காலடித் தடங்கள், கழுவும் இடத்தில் கைத் தடங்கள். பாடம் எதுவும் நடத்தவில்லை. முன்பு சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் 4 சதவீதம். தடம் வரைந்து முடித்த மறுநாள் 68, ஆறாவது வாரத்தில் 74.

உங்கள் இடத்துக்கு: தடம் கழிப்பறைக் கதவுக்கு உள்ளேயே தொடங்கட்டும், முகம் வெளியே பார்த்து. ஒரு தடம் 20 செ.மீ., அடிக்கு அடி 40 செ.மீ. வைத்தால் 15 மீட்டருக்கு 38 தடம் வரும். கடைசி இரண்டு தடமும் குழாயைப் பார்த்தபடி சேர்ந்து நிற்க வேண்டும், அதுதான் 'இங்கே நில்' என்று சொல்கிறது. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் சீக்கிரம் உரிந்துவிடும், சிமென்ட் தரைக்கான பெயின்ட் வாங்குங்கள். தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டாவது பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலை மெல்லத் தூவுங்கள், இல்லையென்றால் மழையில் வழுக்கி யாராவது விழுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடித்தால் திங்கள்கிழமைக்குள் இறுகிவிடும். மண் பகுதியில் பெயின்ட் நிற்காது, அங்கே சிமென்ட் பலகைகளைப் பதித்து அதன்மேல் வரையுங்கள்.

முக்கா இஞ்ச்:

தடம் சரி. ஆனால் 15 மீட்டர் தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதை அழகுபடுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கழிப்பறை வாசலிலேயே குழாய் வைத்த 20 லிட்டர் வாளி ஒன்றை மேடை போட்டு வையுங்கள். தடம் இரண்டு எட்டில் முடிந்துவிடும், பெயின்டும் மிச்சம்.

சத்துணவு நேரத்துக்குக் கணக்குப் பாருங்கள். 180 பேர், 6 குழாய் என்றால் குழாய்க்கு 30 பேர். ஆளுக்கு 40 விநாடி வைத்தால் 20 நிமிடம். கடைசியில் நிற்கும் பிள்ளைக்குச் சோறு 20 நிமிடம் தள்ளிப் போகிறது. அது வரிசையை விட்டு ஓடினால் புத்திசாலிப் பிள்ளை என்றுதான் சொல்வேன்.

பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் 'ஃபிட் ஃபார் ஸ்கூல்' திட்டத்தில் கூட்டமாகக் கழுவ வைத்தார்கள். ஓட்டை போட்ட குழாய் ஒன்று, ஒரே வால்வு. 3 மீட்டர் நீள ஒரு இஞ்ச் பிவிசி குழாயைத் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் படுக்கையாகப் பொருத்துங்கள். 30 செ.மீ.க்கு ஒன்றாக இரண்டு பக்கமும் கீழ்நோக்கிச் சாய்வாக 2 மி.மீ. ஓட்டை. பக்கத்துக்கு 10 பேர், ஒரு தவணைக்கு 20 பேர், மொத்தம் 9 தவணை. தவணைக்கு 40 விநாடி என்றால் 6 நிமிடம். ஆள் மாறும் நேரம் சேர்த்தாலும் 10 நிமிடத்தைத் தாண்டாது. ஐந்து விநாடி திறந்து நனைப்பது, மூடிவிட்டுத் தேய்ப்பது, மறுபடி 15 விநாடி திறப்பது. வால்வு ஒரு பெரிய வகுப்புப் பிள்ளை கையில் இருக்கட்டும்.

கெடுவது மூன்று இடத்தில். உப்புத் தண்ணீரில் ஓட்டை அடைக்கும். மாதம் ஒருமுறை ஊசியால் குத்தி எடுக்க வேண்டும், குழாயின் கடைசி மூடியை ஒட்டாமல் திருகு மூடியாகப் போட்டால் உள்ளேயும் கழுவலாம். தொட்டி மாடியில் என்றால் அழுத்தம் அதிகமாகிச் சட்டையெல்லாம் நனையும், வால்வைப் பாதிதான் திறக்க வேண்டும். மூன்றாவது, கழிவுநீர். கீழே சரிவு கொடுத்து வாழைப் பாத்திக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடுங்கள். சேறானால் ஒரு வாரத்தில் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள், கொசு மட்டும்தான் வரும்.

மஞ்சப்பை:

நன்றி சார். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புதான், சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. சோப்புத் திருட்டுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

நுரைக்குமிழி:

இரண்டுக்கும் ஒரே பதில், சோப்புத்தண்ணீர். 1.5 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் துணி துவைக்கும் பவுடர். வங்கதேசத்தில் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் பரிந்துரைத்த அளவு இது. பாட்டில் மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை, தலைகீழாக அழுத்தினால் பீய்ச்சும். கட்டிச் சோப்பு உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பிசுபிசுவென்று திரியும், பவுடருக்கு அந்தத் தொல்லை குறைவு. பாதி காலியான பாட்டிலை யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போக மாட்டார்கள்.

ஆளுக்கு 2 மி.லி., நாளைக்கு இரண்டு வேளை என்றால் 720 மி.லி. ஆகிறது. ஆக 1.5 லிட்டர் இரண்டு நாளைக்கு வரும். 'கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டுமே' என்று பவுடரைக் கூட்டாதீர்கள். கை எரியும், அலசத் தண்ணீரும் அதிகம் வேண்டும். மிச்சத்தின் மேலேயே ஊற்றி நிரப்பவும் கூடாது, காலி செய்து அலசிவிட்டு நிரப்ப வேண்டும். முக்கியமாக, குளிர்பான பாட்டிலை அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை குடித்துவிடும். லேபிளை உரித்துச் சிவப்புப் பெயின்ட் அடித்து, கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள்.

இன்னொன்று. சோப்புத்தண்ணீரை எங்கே வைப்பது என்பதுதான் பாதி வேலை. தட்டை எடுக்கும் இடத்துக்கும் சோறு போடும் அண்டாவுக்கும் நடுவில் கழுவும் இடம் வந்தால், கழுவாமல் சாப்பிடத்தான் பிள்ளை சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

எண்ணிப்பார்:

மேலே சொன்ன 74 சதவீதத்தைச் சுவரில் எழுதிவிடாதீர்கள். இரண்டே பள்ளி, ஆறு வாரம், ஒப்பிட வேறு பள்ளியும் கிடையாது. நம்பிக்கை தருகிறது, அவ்வளவுதான்.

பெரிதாகச் சோதித்தது ஆந்திராவின் சித்தூர் பக்கம் 14 கிராமங்களில் நடந்த 'சூப்பர் அம்மா' என்ற கை கழுவும் பிரசார ஆய்வு. அங்கே நோய், கிருமி என்று பேசவே இல்லை. அருவருப்பு, பிள்ளையை நல்லபடி வளர்க்கும் தாயின் பெருமை, ஊரார் பார்வை, இவைதான் கருவி. ஆறு மாதத்தில் சோப்புப் போட்டுக் கழுவுவது பிரசாரம் நடந்த கிராமங்களில் 37 சதவீதம், நடக்காதவற்றில் 6. முன்பு இரண்டிலும் ஓரிரு சதவீதம்தான். ஆகவே போஸ்டர் ஒட்டியே தீருவது என்றால் 'கிருமி' படத்தைக் கழற்றிவிட்டு, முகம் சுளிக்க வைக்கும் படத்தைக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

அளப்பதற்கு ஆளை உட்கார வைக்காதீர்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே கழுவுவார்கள். வங்கதேசத்தில் சோப்புக்குள் அசைவுக் கருவி வைத்துப் பார்த்தபோது, கணக்கெடுப்பவர் வீட்டில் இருந்த நேரத்தில் சோப்பு கூடுதலாக அசைந்தது. நீங்கள் பாட்டிலில் கோடு போட்டு, சாயங்காலம் எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள். அதை அன்றைய வருகையால் வகுத்தால் ஆளுக்கு எத்தனை மி.லி. என்று வரும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பாட்டிலை வைத்து 10 பள்ளி நாள் இப்படி எழுதிவிடுங்கள், அது இல்லாமல் பிற்பாடு எதோடும் ஒப்பிட முடியாது. அளவு திடீரென்று எகிறினால் மகிழ வேண்டாம், யாரோ நுரைக்குமிழி விட்டு விளையாடுகிறார்கள். வாசல் பாட்டிலையும் சத்துணவுப் பாட்டிலையும் தனித்தனியே எழுதுங்கள். பெரும்பாலும் சத்துணவுப் பக்கம் சீக்கிரம் ஏறும், கழிப்பறைப் பக்கம்தான் இழுக்கும். காலை உணவு போடுகிறீர்கள் என்றால் அந்த வேளைக்கும் ஒரு பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.