ஒரிலியா: கழற்றிய சாம்பிளேன் சிலையைத் திரும்ப வைக்க வேண்டுமா?

நெய்தல்நிலவன்:
கனடாவின் டொரான்டோவிலிருந்து 400-ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, பாரி நகரம் தாண்டி 11-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் மொத்தம் 130 கிலோமீட்டர் சொச்சத்தில் ஒரிலியா வந்துவிடும். சிம்கோ ஏரிக்கும் கூச்சிச்சிங் ஏரிக்கும் நடுவில், முப்பதாயிரம் பேருக்குக் கொஞ்சம் அதிகமாக வாழும் ஊர். லாங் வீக்கெண்டுக்கு அங்கே போகலாம் என்று வீட்டில் சொன்னேன். “இருந்த ஒரு சிலையையும் கழற்றிட்டாங்களாமே, இனி அங்க பார்க்க என்ன இருக்கு?” என்று மச்சான் மடக்கிவிட்டார்.

எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பயணி சாமுவேல் த சாம்பிளேன் 1615-இல் இந்தப் பக்கம் வந்தார். அதன் முந்நூறாம் ஆண்டுக்கென்று திட்டமிட்ட நினைவுச்சின்னம் முதல் உலகப் போரால் தள்ளிப்போய், 1925 ஜூலை 1 அன்று கூச்சிச்சிங் கரைப் பூங்காவில் திறக்கப்பட்டது. வடித்தவர் வெர்னன் மார்ச். ஒட்டாவாவில் உள்ள தேசியப் போர் நினைவுச்சின்னமும் அவருடைய வடிவமைப்புதான். 2017-இல் பழுதுபார்க்க வேண்டும் என்று, வரலாற்றுத் தலங்களைப் பராமரிக்கும் மத்திய அரசு நிறுவனமான பார்க்ஸ் கனடா கழற்றியது. மறுவருடம், திரும்ப வைப்பதை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு குழுவைப் போட்டார்கள். சாம்பிளேன் உருவம் மட்டும் திரும்பலாம், கீழே உள்ள மற்ற உருவங்களைப் பற்றி முதற்குடி மக்களோடு (கனடாவின் பூர்வகுடிகளோடு) மேலும் பேச வேண்டும் என்று 2019-இல் குழு பரிந்துரைத்தது.

பாதிச் சிலை என்ன சிலை? வைத்தால் முழுசாக வையுங்கள். கருத்தில் குறை இருந்தால் பக்கத்தில் ஒரு பலகை நட்டு எழுதுங்கள். இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கந்தர்மடத்தான்:
தம்பி, சிலை இருந்த காலத்திலும் அங்கே ஒன்றும் இல்லை. மிசிசாகா வீதி என்று ஒரு கடைத்தெரு, அதன் அடியில் ஏரி. நடந்தால் கால் மணித்தியாலத்தில் ஊர் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் 400-இல் நின்று நின்று போய்ச் சேருவதற்கு ரொறன்ரோவிலேயே ஒன்ராரியோ ஏரிக் கரையில் அடுப்பை மூட்டி இறைச்சி வாட்டலாம். நான் அந்தப் பக்கம் போவது ராமா கசினோவுக்கு மட்டும்தான். அதை மறைக்கவும் இல்லை.

வெண்பனி:
நிலவன், அந்தக் கீழ் உருவங்களை நீங்கள் கிட்டத்தில் நின்று பார்த்தீர்களா? கழற்றுவதற்கு முன் நான் பார்த்திருக்கிறேன். உச்சியில் சாம்பிளேன், அங்கியும் வாளும் தொப்பியுமாக நிற்கிறார். ஒரு பக்கம் பாதிரியார் ஒருவர் சிலுவையோடு நிற்க, அவர் காலடியில் இரண்டு முதற்குடியினர் அரை உடம்பில் துணியில்லாமல் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம் தோல் வியாபாரி நிற்கிறார், அங்கேயும் இரண்டு பேர் கீழே. வந்தவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள், இருந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் பலகை நட்டு என்ன எழுதுவீர்கள்? “மேலே காண்பதை நம்பாதீர்கள்” என்றா?

ராமா முதற்குடியினர் ஏரிக்கு அக்கரையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் அந்தப் பூங்காவுக்கு விளையாட வருகிறார்கள்.

நெய்தல்நிலவன்:
கலைப்படைப்பை அது உருவான காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் அல்லவா? 1925-இன் கண் அப்படித்தான் பார்த்தது. அதை ஒளித்து வைத்தால் அப்படிப் பார்த்தார்கள் என்பதற்கே சாட்சி இல்லாமல் போய்விடும்.

தூண்டில்காரன்:
இரண்டு பேருமே ஊரின் முக்கியமான இடத்தை விட்டுவிட்டு வெண்கலத்தைச் சுற்றி வருகிறீர்கள். நான் அந்த இடத்துக்கு மீன் பிடிக்கப் போகிறவன், அதனால் சொல்கிறேன்.

சிம்கோ ஏரித் தண்ணீர் முழுக்க ஒரே ஒரு குறுகிய வாய்க்கால் வழியாகத்தான் கூச்சிச்சிங் ஏரிக்குள் இறங்கி, அப்புறம் செவர்ன் ஆறாக ஜோர்ஜியன் விரிகுடாவுக்குப் போகிறது. ஒரிலியாவின் கிழக்கு விளிம்பில், 12-ஆம் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் இருக்கிறது அந்த இடம். ஏத்தர்லி நேரோஸ் என்பார்கள். ஏரிக்கு ஏரி மாறும் மீன் எல்லாம் இதற்குள் புகுந்துதான் ஆக வேண்டும். அங்கே தண்ணீருக்கடியில் சேற்றில் மரக்கழிகளை வரிசையாக நட்டு, நடுநடுவே வாசல் விட்டு, வாசலில் வலை கட்டி மீன் பிடித்திருக்கிறார்கள். கழிகளின் வயதைக் கார்பன் முறையில் பார்த்ததில் மூத்தவை ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் போகின்றன. எகிப்துப் பிரமிடுகளுக்கும் மூத்த வேலை, தம்பி! மினிஜிகானிங் மீன்வேலி என்று பெயர், 1982 முதல் தேசிய வரலாற்றுத் தலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகு போக வேண்டும் என்று வாய்க்காலைத் தூர்வாரியபோது நிறைய போய்விட்டது. மிச்சம் இன்னும் சேற்றுக்குள் இருக்கிறது.

சாம்பிளேன் இதைப் பார்த்திருக்கிறார். 1615 செப்டம்பரில், இந்தப் பகுதியில் வாழ்ந்த முதற்குடியினரான வெண்டாட் வீரர்களின் படை இங்கேதான் கூடியது. நீரிணையைக் கழிகளால் ஏறக்குறைய அடைத்து, சின்னச் சின்ன வாசல்களில் வலை வைக்கிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

நெய்தல்நிலவன்:
பாருங்கள், நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். அந்த மீன்வேலியைப் பற்றி முதலில் எழுத்தில் வைத்தவரே சாம்பிளேன்தான். அவருக்கு ஒரு சிலை தகாதா?

தூண்டில்காரன்:
அவர் எழுதாவிட்டாலும் கழி அங்கேயேதான் இருந்திருக்கும்.

அப்புறம் அவர் எதற்கு அந்தப் பக்கம் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெண்டாட் மக்களோடு கூட்டுச் சேர்ந்து, ஒன்ராரியோ ஏரிக்குத் தெற்கே இருந்த ஹோடினோஷோனி மக்களின் கோட்டையைத் தாக்கப் போகும் வழி இது. தாக்குதல் படுதோல்வி. இவருக்குக் காலில் அம்பு, அதிலும் ஒன்று முழங்காலில். நடக்க முடியாமல் போக, ஒரு கூடையில் மடக்கிக் கட்டி, ஒரு வெண்டாட் வீரர் முதுகில் சுமந்து பல நாள் தூக்கி வந்தார். அசைய முடியவில்லை, துணியில் சுற்றிய குழந்தை போலக் கிடந்தேன் என்று அவரே புலம்பியிருக்கிறார். கியூபெக்குக்குத் திரும்ப ஆளும் படகும் கிடைக்காமல் அந்தக் குளிர்காலம் முழுக்க வெண்டாட் வீடுகளில்தான் சோறு.

கந்தர்மடத்தான்:
ஹா ஹா. அப்படியென்றால் கூடையோடு சிலை வைக்கலாம். நானே காசு தருகிறேன்.

வெண்பனி:
அதுதான் நான் கேட்பதும். சுமந்தவர் உண்மையில் நின்றவர், சாம்பிளேன்தான் உட்கார்ந்திருந்தவர். சிலையில் தலைகீழ். “1925-இன் கண்” என்பது சரி, ஆனால் அந்தக் கண் பொய் சொல்கிறதே.

கந்தர்மடத்தான் அண்ணா, நீங்கள் போகும் கசினோ இருக்கும் ராமாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1830-இல் அரசாங்கம் முதற்குடியினரை நேரோஸிலும் கோல்ட்வாட்டரிலும் குடியேற்றியது. அவர்கள் காடு வெட்டி, வீடு கட்டி, நிலம் திருத்தி முடித்த கையோடு 1836-இல் அந்த நிலத்தைக் கைவிட வைத்தார்கள். ஒரு பிரிவினர் மஸ்க்வாக்கி என்ற தலைவரோடு அக்கரைக்குப் போய் ராமாவில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அந்த நில உரிமைக் கோரிக்கை ஏறக்குறைய 307 மில்லியன் டொலர் இழப்பீட்டோடு முடிந்தது 2012-இல். ஒரிலியா என்கிற ஊர் வளர்ந்ததே அவர்கள் போன பிறகுதான்.

பாட்டுப்பித்தன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மேலே ஒருவர் “ஒன்றும் இல்லை” என்று எழுதிவிட்டுப் போனதை அப்படியே விட முடியவில்லை.

பாடகர் கோர்டன் லைட்ஃபுட் பிறந்த ஊர் இது. 1938-இல் பிறந்து, அங்கே செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் சிறுவனாகப் பாடத் தொடங்கி, 2023-இல் இறந்தபோது அதே தேவாலயத்தில்தான் மக்கள் அஞ்சலிக்கு வைத்தார்கள். அடக்கமும் இதே ஊரில்தான். டட்ஹோப் பூங்காவில் நடைபாதை ஓரம் அவருக்கு ஒரு சிலை உண்டு. சம்மணமிட்டு கிட்டார் வாசிக்கிறார், அவரைச் சுற்றி வளைவாக மேப்பிள் இலைகள். அந்தச் சிலையில் யாரும் யார் காலடியிலும் இல்லை!

மாரிபோசா நாட்டுப்புற இசை விழா 1961-இல் இங்கேதான் தொடங்கியது. 1963-இல் கூட்டம் கட்டுக்கடங்காமல் போக, ஊர்க்காரர்கள் “இனி வேண்டாம்” என்று துரத்திவிட்டார்கள். ஊர் ஊராக அலைந்து 2000-இல் திரும்பி வந்தது. இப்போது ஜூலையில் நடக்கிறது. அந்த மாரிபோசா என்ற பெயரே எழுத்தாளர் ஸ்டீபன் லீகாக் 1912-இல் எழுதிய நகைச்சுவைக் கதைகளில் ஒரிலியாவுக்கு அவர் வைத்த பெயர். ஏரியில் நீராவிப் படகு மூழ்குகிறது என்று ஊரே பதறி மீட்புப் படகில் கிளம்பும். கடைசியில் மீட்கப் போனவர்களைத்தான் மூழ்கிய படகில் இருந்தவர்கள் தூக்கிவிட வேண்டியிருக்கும், ஏனென்றால் ஏரிக்கு அவ்வளவுதான் ஆழம். லீகாக் 1928-இல் கட்டிய வீடு ஏரிக்கரையில் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1895-இல் கட்டிய ஓபரா ஹவுஸும் உண்டு, தீப்பிடித்து மறுபடி எழுந்தது.

கந்தர்மடத்தான்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஆனாலும் செத்தவர் வீடும் செத்தவர் சிலையும்தான். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் “எப்போ வீட்டுக்குப் போறது” என்று தொடங்கிவிடும்.

வெண்பனி:
அந்த ஊரில் பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே வருடக்கணக்கில் இருந்த ஓர் இடம் உண்டு. அதை இங்கே ஒருவரும் சொல்லவில்லை.

நான் அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லத்தில் வேலை செய்கிறேன். ஹூரோனியா ரீஜனல் சென்டர் என்று சிம்கோ ஏரிக்கரையில் ஒரு மாகாண நிறுவனம் இருந்தது. 1876-இல் தொடங்கியபோது அதன் பெயரிலேயே “மூடர்களுக்கான புகலிடம்” என்ற பொருள் வரும். 2009-இல்தான் மூடினார்கள். ஒரு கட்டத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். சலவைக்கூடத்திலும் பண்ணையிலும் சம்பளமில்லாத வேலை. 1960-இல் பியர் பெர்ட்டன் என்ற பத்திரிகையாளர் உள்ளே போய்ப் பார்த்து எழுதினார். கட்டில்களுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை என்ற நிலை. அப்போது ஒன்ராரியோவின் முதல்வர் யார் தெரியுமா? இதே ஒரிலியாவில் பிறந்த லெஸ்லி ஃப்ரோஸ்ட். அதற்குப் பிறகும் அந்த இடம் நாற்பத்தொன்பது வருடம் ஓடியது. உள்ளே இருந்தவர்களே வழக்குப் போட்டு, 2013-இல் 35 மில்லியன் டொலருக்குச் சமரசமாகி, சட்டமன்றத்தில் முதல்வர் மன்னிப்புக் கேட்டார். மயானத்தில் சுமார் இரண்டாயிரம் பேர். பல கற்களில் பெயர் இல்லை, எண் மட்டும்தான்.

வரலாற்றை ஒளிக்கக் கூடாது என்கிறீர்கள், நிலவன். சரி. சாம்பிளேனுக்குப் பூங்காவின் நடுவில் இடம். இவர்களுக்கு?

நெய்தல்நிலவன்:
இது வேறு விஷயம், அக்கா. மயானத்தைச் சுற்றுலாத் தலம் ஆக்க முடியாது. குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போகிறவனிடம் இதைக் காட்டு என்றால் அவன் வசாகா பீச்சுக்குப் போய்விடுவான்.

வெண்பனி:
நாஜி வதைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸுக்குப் போகிறார்கள். கிங்ஸ்டனில் பழைய சிறைச்சாலைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். நான் சீட்டு விற்கச் சொல்லவில்லை. பூங்காவில் இருக்கும் நடைபாதையில், பார்க்க வருகிறவர் தடுக்கி நிற்கும் இடத்தில், பெயர்களை வையுங்கள் என்கிறேன். “முழுசாக வையுங்கள்” என்று நீங்கள்தானே தொடங்கினீர்கள்.

தூண்டில்காரன்:
வெண்பனி சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. எல்லாவற்றையும் அந்த ஒரே பூங்காவில் குவிக்காதீர்கள். ஏற்கெனவே நீச்சல் கரை, பிள்ளைகளின் குட்டி ரயில், மேடை என்று அங்கே இடம் நிறைந்திருக்கிறது. நேரோஸில் நின்று பாருங்கள். மேலே லாரிகள் ஓடுகின்றன, கீழே விசைப்படகுகள் போகின்றன. ஐயாயிரம் வருடத்து வேலை இருக்கும் இடம் என்று சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. என்னோடு பெர்ச் மீன் பிடிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் சொல்லியிருக்கிறேன். செலவழிக்கப் பணம் இருந்தால் முதலில் அங்கே செலவழிக்கட்டும். அது எவர் நினைவாகவும் பிறகு செய்ததில்லை, அதுவேதான் அது.

நெய்தல்நிலவன்:
மீன்வேலிக்குப் பணம் போட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். யார் வேண்டாம் என்றார்கள்? அதற்காக இருந்த கலைப்படைப்பைக் கிடங்கில் பூட்டி வைப்பதற்கு இது நியாயம் ஆகாது. கூடைக் கதையையும் பலகையில் எழுதுங்கள், உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியும் எழுதுங்கள். படிக்கிறவன் முடிவு செய்யட்டும்.

வெண்பனி:
பத்தடி உயரத்தில் வெண்கலம், இடுப்பு உயரத்தில் பலகை. எது கண்ணில் படும் என்று உங்களுக்கே தெரியும். சாம்பிளேன் மட்டும் வரட்டும், அதுவும் தரை மட்டத்தில். கீழே உள்ள மற்ற உருவங்களை என்ன செய்வது என்று ராமா மக்களும் வெண்டாட் மக்களும் சொல்லட்டும். அதில் எனக்கும் உங்களுக்கும் ஓட்டு இல்லை.

கந்தர்மடத்தான்:
நீங்கள் அடிபடுங்கோ. தூண்டில்காரன் தம்பி, அந்தப் பாலத்தடியில் வாகனம் விட இடம் உண்டா? கசினோவுக்குப் போகிற வழிதானே.

தூண்டில்காரன்:
வழிதான் அண்ணா. 12-இல் பாலம் தாண்டிய பிறகுதான் ராமா வீதிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். காலையில் வாருங்கள், மதியத்துக்கு மேல் படகுக்காரர்கள் சத்தம். லைசென்ஸ் இல்லாமல் தூண்டிலைக் கையில் எடுக்காதீர்கள், நான் பிணை எடுக்க வரமாட்டேன்.