பாய் திரும்பி வந்தால் வாங்கி வைக்க அமெரிக்காவில் ஒரு முகவரி வேண்டும்

பத்தமடைக்காரன்:

வணக்கம். உம்மா நெய்கிற கோரைப் பாய்களை இரண்டு வருடமாக இணையத்தில் விற்கிறேன். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில் இருக்கிற நம் பக்கத்து ஆட்கள். அதிகம் போவது கல்யாணப் பாய், பெண் மாப்பிள்ளை பெயரைச் சேர்த்து நெய்வது.

போன தையில் டல்லாஸுக்கு ஒன்று அனுப்பினேன். மாப்பிள்ளை பெயரில் 'ண' வர வேண்டிய இடத்தில் 'ன' விழுந்துவிட்டது. தப்பு என்னுடையது. நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத்தான் உம்மா நெய்தார்கள். வேறு பாய் தருகிறேன், இதை நியூஜெர்சியில் என் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று அவர்களிடம் சொன்னேன். மச்சான் அதற்கு முந்தின மாதமே வீடு மாறியிருக்கிறான், எனக்குத் தெரியாது. பார்சல் பழைய அபார்ட்மெண்டில் இறங்கியது வரைக்கும் தகவல் இருக்கிறது, அப்புறம் இல்லை. இருபத்திரண்டு நாள் நெசவு. பெயர் இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டி ஓரம் கட்டினால் சின்னப் பாயாகவாவது ஆகும் என்று உம்மா இப்போதும் சொல்கிறார்கள்.

இனிமேல் சொந்தக்காரர்கள் வீட்டை நம்பி இதைச் செய்ய மாட்டேன். அங்கே நிலையாக ஒரு முகவரி வாங்க என்ன வழி? வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன், அதன் அடியிலும் முகவரி போடச் சொல்கிறது. அங்கே ஒரு எல்.எல்.சி. கம்பெனி தொடங்கிவிடு, முகவரி தானாக வரும் என்று ஒருவர் சொல்கிறார். சரியா?

அம்பை சொப்புக்கடை:

தம்பி, நான் மரச் சொப்பு அனுப்புகிறவன். மூன்று வருடமாக அங்கே விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் வைத்திருக்கிறேன். ஒரு கடை தன் முகவரியில் நமக்கு ஒரு எண் கொடுக்கும். வருகிற கடிதத்தின் உறையைப் படமெடுத்து அனுப்புவார்கள். பிரித்துப் பார், வைத்திரு, இங்கே அனுப்பு என்று நாம் சொல்கிறபடி செய்வார்கள்.

தொடங்கும்போது அமெரிக்க அஞ்சல் துறையின் 1583 படிவம் நிரப்ப வேண்டும். போட்டோ உள்ள சான்று ஒன்று, வீட்டு முகவரி காட்டும் சான்று ஒன்று. நான் பாஸ்போர்ட்டும் ஓட்டுநர் உரிமமும் கொடுத்தேன். கையெழுத்தை ஒரு நோட்டரி வீடியோவிலேயே பார்த்து முத்திரை போட்டார். இதில் நான் பட்ட கஷ்டத்தைக் கேளுங்கள். படிவத்தில் என் பெயரை மட்டும் எழுதிவிட்டேன், கடைப் பெயரை எழுதவில்லை. கடைப் பெயருக்கு வந்த முதல் பார்சலை, இப்படி ஒரு பெயர் எங்களிடம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். நீங்கள் உங்கள் பெயர், கடைப் பெயர் இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள்.

மாத வாடகையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பார்சலுக்கு அளவுப்படி காசு, சில நாளுக்கு மேல் கிடந்தால் தினக் கணக்கு. என் சொப்பு கைக்குள் அடங்கும். உங்கள் பாயைச் சுருட்டினால் நாலடி நீளம் வரும். அதை வாங்குவார்களா, என்ன கட்டணம் என்று முதலில் எழுதிக் கேளுங்கள். பட்டுப் பாய் என்றால் மடித்தே அனுப்பச் சொல்லலாம். இன்னொன்று, பின்னால் அந்தக் கடையை விட்டுவிட்டால் சாதாரண வீடு மாதிரி அஞ்சல் துறையில் முகவரி மாற்றம் கொடுக்க முடியாது. அதனால் விலை குறைவு என்று அடிக்கடி கடை மாற்றாதீர்கள்.

பாளையங்கோட்டை கணக்கர்:

பாய் திரும்பி வருவதற்கு மட்டும்தான் உங்களுக்கு அங்கே முகவரி தேவை. மின்னஞ்சலுக்குத் தேவையில்லை. கேன்-ஸ்பாம் என்கிற 2003-ஆம் ஆண்டுச் சட்டம், விளம்பர மின்னஞ்சலில் அனுப்புகிறவருடைய செல்லுபடியாகும் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்கிறது. அது அமெரிக்க முகவரியாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பத்தமடைத் தெருவையே போடுங்கள்.

எல்.எல்.சி. யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கம்பெனி பதிவுக்காகத் தருகிற ஏஜென்ட் முகவரி, கோர்ட், அரசுக் காகிதங்கள் வாங்கத்தான். பாய்ப் பார்சலை அங்கே அனுப்ப முடியாது. வெளிநாட்டார் ஒருவரே முதலாளியாக உள்ள எல்.எல்.சி. வருடா வருடம் அமெரிக்க வரித் துறைக்கு 5472 படிவம் கொடுக்க வேண்டும். லாபமே இல்லாவிட்டாலும், நீங்கள் போட்ட முதல் பணத்துக்கே அது உண்டு. விட்டால் அபராதம் 25,000 டாலர். வெளிநாட்டில் கம்பெனி தொடங்கினால் இங்கே ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகளும் வந்து சேரும். என்னிடம் ஒரு பையன் அழுதுகொண்டு வந்தான், அவனுக்கு மொத்த விற்பனையே அந்த அபராதத்தில் பாதி இல்லை. உங்கள் தொழிலுக்கு ஏற்றுமதி செய்ய நம் அரசு தருகிற ஐ.இ.சி. எண் போதும், 500 ரூபாய்.

நியூஜெர்சி நெல்லைக்காரன்:

தம்பி, உங்கள் மச்சானைக் குறை சொல்லாதீர்கள். இங்கே வாடகை ஒப்பந்தம் முடிந்தால் சட்டென்று மாற வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம் பாருங்கள். இங்கே வருகிற பார்சலுக்கு 800 டாலர் வரை இறக்குமதி வரி இல்லை என்று முன்பு இருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஓடு போய்விட்டது. ஒரு பாய்க்குப் பதில் இன்னொன்று அனுப்பினால் அதற்கும் வரி நிற்கும். திரும்பி வருவதை ஊருக்கு அனுப்பச் செலவு வேறு. அதனால் திரும்பி வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை. பெயரை அவர்கள் கையாலேயே தமிழில் எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்து உம்மா நெய்யட்டும். பெயர் வரி முடிந்ததும், தறியில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

பத்தமடை முகவரியை ஒருநாளும் மறைக்காதீர்கள். என் மகள் கல்யாணத்துக்கு நான் பாய் வாங்கியபோது, பார்சல் மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் என் அம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டாள்.

பத்தமடைக்காரன்:

அண்ணாச்சிமார் மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. மச்சான் மேல் கோபம் இல்லை, நேற்றே பேசிவிட்டேன். எல்.எல்.சி. வேண்டாம் என்று அந்த ஆளிடம் சொல்லியாச்சு. மின்னஞ்சலின் அடியில் வீட்டு முகவரியை இன்று போட்டுவிட்டேன்.

இரண்டு மெயில்பாக்ஸ் கடைகளுக்கு நாலடிச் சுருள் வாங்குவீர்களா என்று எழுதினேன். ஒன்று மூன்றடிக்கு மேல் வாங்காதாம். இன்னொன்று வாங்கும், பதினைந்து நாளுக்கு மேல் வைத்தால் தனிக் கட்டணம். அதில் இரண்டு பெயரையும் எழுதி ஆறு மாதத்துக்கு எடுக்கப் போகிறேன். டல்லாஸ் வீட்டுக்காரர்கள் பெயரைக் கையால் எழுதிப் படம் அனுப்பிவிட்டார்கள். உம்மா அதைத் தறிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். திங்கள்கிழமை பாவு போடுகிறோம்.