எந்த கிரியேச்சருக்கு லெஜண்டரி பட்டம் கொடுக்கலாம்? எங்கள் சண்டையைத் தீர்த்துவையுங்கள்

செர்ராபக்தன்:
நாங்கள் நால்வர் வாராவாரம் மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் கமாண்டர் என்ற வகையை ஆடுகிறோம். ஆளுக்கு 100 கார்டு, தலைமைக்கு ஒரு லெஜண்டரி கிரியேச்சர் (தனி ஆள் என்ற பட்டம் பெற்ற உயிரினக் கார்டு; ஒருவர் களத்தில் அதே பெயரில் ஒன்றுதான் நிற்கலாம்), வழக்கமான ஆட்டம்தான். சலிப்புத் தட்டியதால் ஒரு வீட்டு விதி போட்டோம்: ஆளுக்கு ஒரு சாதாரண கிரியேச்சருக்குப் பட்டம் சூட்டித் தலைவராக்கலாம், மற்ற மூவரும் சம்மதிக்க வேண்டும். அந்தக் கடைசி வரிதான் வினையாகிவிட்டது.

என் தேர்வு செர்ரா ஏஞ்சல். 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருப்பவள். ஐந்து மானாவுக்கு (கார்டை இறக்கக் கொடுக்கும் மந்திர சக்தி) 4/4, அதாவது தாக்கும் பலம் 4, தாங்கும் பலம் 4. பறப்பாள், தாக்கிவிட்டு வந்தும் காவலுக்கு நிற்பாள். அவள் படத்தைப் பார்த்துத்தான் நான் இந்த ஆட்டத்துக்குள் வந்தேன். ஒரு நண்பர் பேன்ஸ்லேயர் ஏஞ்சலைக் கேட்கிறார், பலசாலிதான் லெஜண்டாம். என் தம்பி கேட்பது ரிலென்ட்லெஸ் ரேட்ஸ். எலி! நான்காமவர் எதற்கும் தலையாட்டுவதில்லை. எதை வைத்து முடிவெடுப்பது?

பழையஉறை:
பலத்தை முதலில் தள்ளிவையுங்கள் தம்பி. லெஜண்டுகள் அறிமுகமான 1994 தொகுப்பில் ஜெடிட் ஓஜனென் என்ற பூனை வீரன் உண்டு. ஏழு மானா கொடுத்தால் 5/5, வேறு ஒரு திறமையும் கிடையாது. அவன் லெஜண்டரி. ஐந்தே மானாவில் 5/5 நின்று, பறந்து, முதல் அடி அடித்து, உயிரும் ஏற்றித்தரும் பேன்ஸ்லேயருக்குப் பட்டம் இல்லை. பட்டம் ஆளுக்கு, தசைக்கு அல்ல.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: களத்தில் இதே பெயரில் இரண்டு நின்றால் அபத்தமாக இருக்குமா? இரண்டு செர்ரா ஏஞ்சல்கள் நின்றால் அழகாகத்தான் இருக்கும். அவள் ஒரு படையில் ஒருத்தி. வருத்தம்தான், ஆனால் தேற மாட்டாள்.

(2013-க்கு முன்பு நாங்கள் ஒரு குளோன் (வேறொரு கிரியேச்சரின் நகலாகும் கார்டு) போட்டு எதிராளியின் லெஜண்டையும் சேர்த்துச் சுடுகாட்டுக்கு அனுப்புவோம். இப்போது அவரவர் களத்தை மட்டும் பார்க்கிறார்கள். அந்தக் குரூர சுகம் போய்விட்டது.)

விதிப்புலி:
எலிக்காக ஒரு வார்த்தை. ரிலென்ட்லெஸ் ரேட்ஸ் டெக்கில் (ஒருவரின் கார்டுக் கட்டில்) எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். களத்தில் இருக்கும் ஒவ்வொரு கூட்டாளி எலிக்கும் +1/+1 ஏறும். பெயருக்கே பட்டம் கொடுத்தால் இரண்டாவது எலி வந்ததும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டமே காலி. ஆனால் லெஜண்டு விதி, பட்டமுள்ள கார்டுகளை மட்டும்தான் எண்ணும். எனவே தலைவராக வைக்கும் அந்த ஒரே ஒரு கார்டுக்கு மட்டும் பட்டம் என்று எழுதிக்கொண்டால், மற்ற முப்பது எலிகளும் பிழைக்கும். உங்கள் விதியில் எது? பட்டம் பெயருக்கா, கார்டுக்கா?

மாமாரசிகை:
ஆளுக்குத்தான் பட்டம் என்றால், அநியாயமாக விடுபட்டவர்கள் இருக்கிறார்களே! 'அங்கிள் இஸ்த்வான்' என்று சொந்தப் பெயரோடு ஒரு மனிதர். நான்கு மானா, 1/3, கிரியேச்சர்கள் கொடுக்கும் சேதம் எதுவும் அவரைத் தொடாது. படத்தில் கோடரியோடு இருக்கும் அந்த முகத்தை இரண்டாவது முறை யாரால் வரைய முடியும்? அவருக்குப் பட்டம் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். அலி ஃப்ரம் கெய்ரோவும் தனி ஆள்தான். லெஜண்டு என்ற வகையே பிறக்காத 1993-இல் வந்ததால் விடுபட்டவர். ஆனால் அவரைத் தலைவராக்காதீர்கள். அவர் நிற்கும்வரை சேதத்தால் உங்கள் உயிர் ஒன்றுக்குக் கீழே இறங்காது. 0/1 ஆளை யாரும் கொன்றுவிடலாம்தான். ஆனால் தலைவர் என்பதால், ஒவ்வொரு முறையும் இரண்டு மானா கூடுதலாகக் கொடுத்தால் திரும்பத் திரும்ப வருவார். உங்களோடு யாரும் ஆட வர மாட்டார்கள்.

செர்ராபக்தன்:
நேற்று உட்கார்ந்து பேசினோம். விதிப்புலியின் பதிலைத் தம்பி உரக்கப் படித்தான், இரண்டு முறை. பட்டம் கார்டுக்குத்தான் என்று முடிவாயிற்று; கூடவே, பட்டம் பெறுகிறவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் அந்த ஆள் யார் என்பதற்கு இரண்டு வரியும் எழுதித்தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. பேன்ஸ்லேயர்காரர் "இவள் மிகவும் பலசாலி" என்று எழுதிக்கொண்டு வந்தார், திருப்பி அனுப்பினோம்.

தம்பியின் எலிக்கு ஒற்றைக் காது, 'காதறுந்தான்' என்று பெயர். நான்காமவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையாட்டினார்.

எனக்கு என் ஏஞ்சலுக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. எல்லாப் பெயரும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அங்கிள் இஸ்த்வானைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கறுப்பு டெக் கட்டிப் பழக்கமில்லை; நான்கு மானா ஆளுக்கு எத்தனை நிலம் (மானா தரும் கார்டு) வைப்பீர்கள்?