மடையான் கொக்கிடமிருந்து மீன்களைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். கொல்லையில் எட்டடிக்கு ஆறடியில் சிமெண்ட் தொட்டி கட்டி, அல்லி வைத்து, கப்பியும் கோய் மீனும் விட்டிருக்கிறேன். ஆழம் ஒன்றரை அடிதான். இப்போது யோசித்தால் அதுதான் முதல் தப்பு.

ஒரு மாதமாக மடையான் ஒன்று விடியும்போதே வந்து விளிம்பில் சிலைபோல் நிற்கிறது. நிற்கையில் மண் நிறம், கண்ணுக்கே தெரியாது. எழுந்து பறந்தால்தான் வெள்ளைச் சிறகு தெரியும். பத்து கோய் மீனில் மிச்சம் நான்கு. போதாததற்குத் துணி காயப்போடும் கம்பியில் மீன்கொத்தி வேறு.

பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று நாள் பயந்தது, நான்காம் நாள் அதன் பக்கத்திலேயே நின்று மீன் பிடித்தது! தொளதொளவென்று நைலான் வலை போட்டால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும், அது வேண்டாம். சட்டம் அடித்து வலையை விறைப்பாகக் கட்டியவர்கள் இருக்கிறீர்களா? கண்ணி எந்த அளவு? அல்லிக்கு வெயில் குறையுமா? விளிம்பைச் சுற்றித் தூண்டில் நரம்பு கட்டினால் மடையான் இறங்காமல் இருக்குமா? ஒளிந்துகொள்ள உடைந்த பானை, பிவிசி குழாய் போட்டிருக்கிறேன். கப்பி ஒளிகிறது, கோய் கண்டுகொள்வதே இல்லை.

கல்லால் அடி என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அப்பாவே தினமும் சொல்கிறார்.