சொட்டை கறுத்தால் சட்டை உரிக்கப் போகிறது

லண்டன்

நான் வளர்ப்பது மெக்சிகன் ரெட் நீ என்ற டரான்டுலா, அதாவது முடி நிறைந்த பெரிய சிலந்தி. முழங்கால்களில் செம்மஞ்சள் நிறம் உள்ள வகை. கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக இருந்தபோது வாங்கினேன். இப்போது 7 வயது, காலை விரித்தால் என் உள்ளங்கையை நிறைத்துவிடும்.

டரான்டுலாவின் வெளித்தோல் ஓடு மாதிரி, நம் தோல்போல விரிந்து கொடுக்காது. அதனால் பாம்பு சட்டை உரிப்பதுபோல இதுவும் பழையதைக் கழற்றினால்தான் வளர முடியும். அதற்குத் தயாராகும் நாட்களை நான் கவனிக்கத் தவறியது 3ஆம் வருஷம். பத்து நாளாக எதையும் சாப்பிடவில்லை. பசி எடுத்தால் பிடித்துக்கொள்ளட்டும் என்று இரண்டு சில்வண்டுகளை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் அது மல்லாந்து கிடக்கிறது, ஒரு சில்வண்டு அதன் பின்னங்காலைக் கடித்துக்கொண்டிருக்கிறது. சட்டை உரிக்கும் நேரத்தில் டரான்டுலாவால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. புதுத் தோல் ஈரக் காகிதம்போல இருக்கும். உயிர் பிழைத்தது, ஆனால் கால் பாதி போயிற்று. அடுத்த சட்டையில் அந்தக் கால் குட்டையாக முளைத்தது, அதற்கடுத்த சட்டையில் மற்றக் கால்களுக்குச் சமமாகிவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு தடவையும் பார்ப்பதை நோட்டில் எழுதி வைக்கிறேன்.

என் அனுபவத்தில் நம்பக்கூடிய அடையாளம் சொட்டைதான். அமெரிக்கக் கண்டத்து வகைகள் பலவும் மிரண்டால் பின்னங்கால்களால் வயிற்றுப் பின்புறத்து முடியை உதறிவிடும். நம் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். முடி போன இடத்தில் வெளிர் நிறத்தில் சொட்டை தெரியும். பழைய தோலுக்கு அடியில் புது முடி வளர வளர அந்தச் சொட்டை சாம்பல் நிறமாகி, கடைசியில் நன்றாகக் கறுத்துவிடும். கூடவே வயிறு உப்பிப் பளபளக்கும், உடம்பின் மற்ற இடங்களில் நிறம் மங்கும். என்னுடையதற்கு முழங்காலின் செம்மஞ்சள் பழைய செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். சொட்டையே விழாத குட்டிகளுக்கு வயிற்றின் கறுத்த மினுமினுப்பை மட்டும் பாருங்கள்.

அப்புறம் தரையில் வெள்ளையாக ஒரு பாய் நெய்யும். அதைக் கண்டால் ஓரிரு நாள்தான் பாக்கி என்று வைத்துக்கொள்வேன். போன தடவை இரவு 9.30க்கு மல்லாந்தது. ரொம்ப நேரம் அசைவே இல்லை. பிறகு முதுகு மேலோடு டப்பா மூடிபோலத் திறந்துகொண்டது, முழுக்கைச் சட்டையிலிருந்து கையை உருவுவதுபோல எட்டுக் கால்களையும் கொஞ்சம் கொஞ்சமாக உருவியது. கடைசிக் கால் வெளியே வந்தபோது மணி 1.15. பற்கள் பால் வெள்ளையாக இருந்தன. அவை சிவந்து, முழுக்கக் கறுத்த பிறகுதான் இரை கொடுத்தேன், 12 நாள் ஆயிற்று. அதுவரை தண்ணீர்க் கிண்ணம் மட்டும்.

சிட்னி

அக்கா, சொட்டையைப் பற்றி நீங்கள் எழுதியது என் வீட்டுச் சிலந்திக்குப் பொருந்தாது. நான் வளர்ப்பது குவீன்ஸ்லாந்தின் விசிலிங் ஸ்பைடர், இதுவும் டரான்டுலாதான். ஆஸ்திரேலிய வகைகளுக்கு உதறிவிடும் அரிப்பு முடியே கிடையாது, ஆகவே சொட்டையும் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள பொயிசிலோதீரியா மரச் சிலந்திகளுக்கும் அப்படித்தான்.

போதாக்குறைக்கு இது வளைக்குள்ளேயே வாழ்கிறது. முன்பெல்லாம் விளக்கை அணைத்ததும் வளை வாயில் வந்து உட்காரும். ஒருநாள் மண்ணையும் இழையையும் சேர்த்து வாயை அடைத்துவிட்டது. வாரம் மூன்று ஆனது, நான்கு ஆனது. செத்திருக்கும், தோண்டிப் பார் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எனக்கும் கை துறுதுறுத்தது. தோண்டியிருந்தால் மண் சரிந்து உள்ளேயே நசுங்கியிருக்கும். ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நார்த்தூளின் அடிப்பகுதி காயாமல் பார்த்துக்கொண்டேன், வேறெதுவும் செய்யவில்லை. 5ஆம் வாரம் அடைப்பு திறந்திருந்தது. வாசலில் பழைய சட்டை சுருண்டு கிடந்தது.

அந்தச் சட்டையைத் தூக்கி எறியாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து விரித்தால், வயிற்றுப் பக்கம் நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும், அவை புத்தக நுரையீரலின், அதாவது தாள் அடுக்குபோன்ற மூச்சு உறுப்பின், உறைகள். முன்னிரண்டுக்கும் நடுவில் உள்பக்கம் சின்ன மடிப்பு போன்ற பை இருந்தால் பெண். என்னுடையது பெண் என்று அப்படித்தான் தெரிந்தது.

லெஸ்டர்

இருவருக்கும் நன்றி. நான் சிலி ரோஸ் என்ற டரான்டுலா வைத்திருக்கிறேன், இந்த வகை வளர்ப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சாப்பிடாததை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். என்னுடையது ஒரு தடவை 7 மாதம் எதையும் தொடவில்லை. சொட்டை வெளிறியே இருந்தது, வயிறும் ஒட்டிப்போகவில்லை. சட்டை உரிக்காமலேயே திடீரென்று ஒரு நாள் பழையபடி இரை பிடித்தது. இந்த வகை இப்படி நீண்ட நாள் பட்டினி கிடப்பது சகஜம்.

இன்னொன்று, மல்லாந்து கிடந்தால் பயந்து புரட்டிப் போடாதீர்கள். சாகிற டரான்டுலா பெரும்பாலும் நிமிர்ந்த நிலையில், கால்களை உடலுக்கு அடியில் சுருட்டிக்கொண்டிருக்கும். கால்கள் நீள்வது உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான், அது குறையும்போது தானாக மடங்கிவிடும். மல்லாந்து கால்களை விரித்திருந்தால் அது வேலையில் இருக்கிறது.

இப்போது மறுபடி 5 வாரமாகச் சாப்பிடவில்லை. இதுவும் வெறும் பட்டினி என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா எழுதியதைப் படித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சொட்டையின் ஓரம் முழுக்கக் கறுத்திருக்கிறது, நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிறல். உள்ளே இருந்த ஒரு சில்வண்டை எடுத்துவிட்டேன், கிண்ணத்தை நிரப்பினேன், தொட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டிருக்கிறேன். உரித்ததும் வந்து எழுதுகிறேன்.